குடையில்லாமல் இறங்கும் ராக்கெட்: சுழல் இறக்கை மாதிரி ராக்கெட்டைக் கட்டிப் பறக்கவிடும் முறை

மாதிரி ராக்கெட் என்றதும் நினைவுக்கு வருவது, மேலே போய் மூக்கைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் குடையை விரித்துக்கொண்டு ஆடி ஆடி இறங்கும் குழாய்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் காலணிக்கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் தம் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்த காலத்திலிருந்து, அந்தக் குடைதான் வழக்கமாக இருந்துவருகிறது. இங்கே நான் விளக்கப்போகும் ராக்கெட்டில் குடை கிடையாது. பால்சா என்னும் இலேசான மரத்தில் செய்து, ஏறும்போது உடலோடு ஒட்டி மடிந்திருக்கும் மூன்று இறக்கைகள் உச்சியில் விரிந்து, இயந்திரம் நின்றுபோன ஹெலிகாப்டரைப் போலத் தாமாகச் சுழன்று, அதைத் தரையில் இறக்குகின்றன. தணக்கு மரத்தின் காயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இரண்டு நீண்ட இறகுகளோடு கிளையிலிருந்து உதிரும் அந்தக் காய் செய்வதும் இதே வேலைதான்.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரிய உத்தியன்று. விண்வெளி சென்று திரும்பும் கலத்தையே சுழல் இறக்கைகளால் இறக்கிவிடலாம் என்று கருதி, ரோட்டரி ராக்கெட் என்ற நிறுவனம் ரோட்டன் என்னும் சோதனைக்கலத்தைக் கட்டி, 1999-இல் கலிஃபோர்னியாவின் மொஹாவியில் மூன்றுமுறை பறக்கவிட்டது. பணம் தீர்ந்து நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் அந்தக் கலம் இன்றும் மொஹாவி விமான நிலையத்தில் நிற்கிறது.

வழக்கமான ராக்கெட் ஒன்றிரண்டாவது கட்டிப் பழகியவர்கள் மட்டுமே, பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டவேண்டிய இந்தத் தொகுப்பில் கைவைப்பது நல்லது. இதில் மேலே ஏறுவது எளிது. இறக்கைகளை மடித்துக் கட்டியிருக்கும் நூல் எரிந்து அறும் அந்தக் கணத்தில் மூன்று இறக்கைகளும் ஒன்றாக விரியவேண்டும் என்பதே கடினம். கட்டும் வேலையில் பாதிக்குமேல் அந்தக் கணத்துக்காகத்தான் நடக்கிறது.

நான் கட்டிய தொகுப்பின் அளவுகளையே இங்கே தருகிறேன். வேறு தொகுப்புகளில் எண்கள் மாறினாலும் அமைப்பு பெரும்பாலும் இதுவே. 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார் (ராக்கெட்டைத் தள்ளும், கருமருந்து அடைத்த அட்டைக்குழல்) நேராக நுழையக்கூடிய அட்டைக்குழாய் ஒன்று, நீளம் 42 செ.மீ. அதன் அடியில் மூன்று துடுப்புகள், மேலே மூக்குக்கூம்பு. கூம்புக்குக் கீழே குழாயைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. உள்ள முக்கோண மரக்கட்டை ஒன்று வளையமாக உட்காரும். இறக்கைகள் கீல்களால் பிணைக்கப்படுவது இதில்தான். இறக்கைகள் ஒவ்வொன்றும் 32 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 2.4 மி.மீ. தடிமன் கொண்ட பால்சாப் பட்டைகள். குழாய் வட்டமாக இருந்தாலும் முக்கோணக் கட்டை இருப்பதால் மூன்று பட்டைகளும் ஒன்றையொன்று இடிக்காமல் தட்டையாக மடிகின்றன. அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவில் மூலைக்கு ஒன்றாக மூன்று சந்துகள் கிடைக்கின்றன. துடுப்புகளை இந்தச் சந்துகளின் நேர்க்கீழே ஒட்டவேண்டும்.

முதல் வேலை இறக்கைகள். பால்சா மரத்தின் எடை பலகைக்குப் பலகை மிகவும் மாறுபடும் என்பதால், தொகுப்பில் வந்த மூன்று பட்டைகளையும் சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். எடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருந்தால், கனமான பட்டையை உப்புத்தாளால் கூடுதலாகத் தேய்த்துச் சமன்செய்யவேண்டும். இல்லாவிட்டால் சுழலும்போது ராக்கெட் முழுவதும் நடுங்கும். தேய்க்கும்போது வடிவத்தையும் கொடுத்துவிடலாம். மடிந்திருக்கும்போது வெளியே தெரியும் பக்கம்தான் விரிந்தபின் மேற்பக்கம் ஆகிறது; ஆகவே மேடு வெளிப்பக்கத்தில் இருக்கட்டும், உடலை ஒட்டும் பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பை உருட்டாகவும் பின்விளிம்பை மெல்லிய சரிவாகவும் தேய்க்கவேண்டும். எது முன்விளிம்பு என்பதை மூன்று பட்டைகளிலும் பென்சிலால் அம்புக்குறியிட்டு வைத்துக்கொண்டபிறகே உப்புத்தாளை எடுங்கள். மூன்றில் ஒன்றை மாற்றித் தேய்த்துவிடுவது இந்த ராக்கெட் கட்டுகிறவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை. அது பட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாது, கீலில் மாட்டியபிறகுதான் தெரியும்.

அடுத்தது சாய்வு. இறக்கைகள் தட்டையாக விரிந்தால் மட்டும் சுழற்சி பிறக்காது. கீழிருந்து மேலே வரும் காற்று அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளவேண்டும். அதற்கு முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும். இந்தச் சாய்வைக் கொண்டுவர எளிய வழி உண்டு. கட்டையின் முகத்தில் கீலைக் கிடைமட்டமாக ஒட்டாமல், முன்விளிம்பு வரும் பக்கம் தாழ்ந்திருக்குமாறு ஏறக்குறைய 5 பாகை சாய்த்து ஒட்டவேண்டும். இறக்கையின் அடிமுனையையும் அதே 5 பாகை சாய்வில் வெட்டினால், மடிந்திருக்கும்போது பட்டை நேராகத் தொங்கும், விரிந்தபிறகு தானாகவே சாய்ந்து நிற்கும். சாய்வைக் கூட்டினால் சுழற்சி வேகமாகத் தொடங்கும், ஆனால் இறக்கமும் வேகமாகிவிடும். மிகவும் குறைத்தால் இறக்கைகள் விரிந்தும் சுழலாமல் சும்மா நிற்கும். அட்டையில் 5 பாகைக்கு ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டு மூன்று கீல்களையும் அதைக்கொண்டே குறித்தால், கண்மதிப்பை நம்பவேண்டியதில்லை.

கீல்களுக்கு நைலான் பட்டைகள் தரப்படுகின்றன. அவற்றை ஃபெவிக்விக் போன்ற உடனொட்டிப் பசையால் ஒட்டத் தோன்றும், வேண்டாம். ஒரு துளி பசை மடிப்புக்குள் ஊர்ந்துவிட்டால் கீல் அந்த இடத்திலேயே விறைத்துப்போகும். மடிப்பின்மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொண்டு, இரு பக்கங்களிலும் எபாக்சிப் பசையை மெல்லப் பூசி ஒட்டி, இரவு முழுவதும் காயவிடுவதே பாதுகாப்பான முறை. துடுப்புகளுக்கும் முக்கோணக் கட்டைக்கும் சாதாரண மரப்பசை போதும். ஒட்டிய ஓரங்களில் விரலால் இன்னொருமுறை பசையை இழுத்துவிட்டால் பிடிமானம் கூடும்.

விரிந்த இறக்கை கிடைமட்டத்துக்கு மேலே பத்துப் பாகை அளவு உயர்ந்து நிற்கவேண்டும். அதற்குமேல் போகாமல் தடுக்க, இறக்கையின் உட்பக்கத்தில் கீலிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி ஒரு வலிய நூலைக் கட்டி, மறுமுனையைக் குழாயில் பதிக்கவேண்டும். இதை நிறுத்துநூல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறுத்துநூல்களும் ஒரே நீளத்தில் இருப்பது இறக்கைகளின் எடை ஒத்திருப்பதைப் போலவே முக்கியம். விரிக்கும் விசையைக் கொடுப்பவை ரப்பர் பேண்டுகள்: இறக்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு கொக்கி, மூக்குக்கூம்பின் பக்கத்தில் ஒரு கொக்கி, இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய பேண்ட். இறக்கை மடிந்திருக்கும்போது பேண்ட் கீலைத் தாண்டி நீண்டு இறுகியிருக்கும். பிடி விட்டதும் இறக்கையை வெளியே இழுத்துத் தூக்கும். மூக்குக்கூம்பை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். வழக்கமான ராக்கெட்டில் கழன்று போகவேண்டிய மூக்கு, இங்கே மூன்று பேண்டுகளின் இழுப்பையும் தாங்கும் தூண்.

இனி நூல் எரியும் அறை. மோட்டார் எரிந்து முடிந்தபின் சில நொடிகள் புகைமட்டும் விட்டுக்கொண்டிருந்து, கடைசியில் முன்பக்கமாக ஒரு சிறு வெடியைத் தள்ளும்; வழக்கமாகக் குடையை வெளியேற்றுவது அந்த வெடிதான். நமக்கு வேண்டியது அதன் தீ மட்டுமே. 18 மி.மீ. மோட்டாரின் நீளம் 70 மி.மீ.; அதன் முன்முனைக்கு ஒரு செ.மீ. மேலே, மூன்று சந்துகளுக்கும் நேராகக் குழாயில் மூன்று துளைகள் இடவேண்டும். இரண்டு துளைகள் நூல் நுழையும் அளவுக்குப் போதும். மூன்றாவது, வாயு வெளியேறுவதற்காக 6 மி.மீ. அகலமாக இருக்கவேண்டும். துளைகளுக்கு 5 செ.மீ. மேலே குழாயினுள் ஒரு மரவட்டை ஒட்டிவிட்டால் தீ வீணே மேலே பரவாமல் நூலிருக்கும் இடத்திலேயே தங்கும். வாயுத்துளையை மறந்துவிட்டால், வாயு தப்ப வழியில்லாமல் மோட்டாரையே அதைப் பிடித்திருக்கும் கொக்கியோடு பிய்த்துப் பின்னால் உதைத்துத் தள்ளிவிடும். குழாயின் உட்சுவரில் அந்தப் பகுதிக்கு மட்டும் எபாக்சியை மெல்லிய பூச்சாகத் தடவி வைத்தால் அட்டை கருகாமல் பல முறை தாங்கும்.

கிளம்பும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் ஏவுகம்பிக்கான சிறுகுழாயை ஒட்டும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை நேராக உடலில் ஒட்டிவிட்டால், கம்பி மேலே போகும்போது முக்கோணக் கட்டையின் மூலையில் முட்டிக்கொள்ளும். இதை நான் கண்டுபிடித்தது எல்லாம் ஒட்டி, வண்ணமும் பூசி, மைதானத்தில் கம்பியில் மாட்டப்போன நேரத்தில். கட்டையின் கூர்மூலைகளைச் சீவிவிட்டு, ஒரு செ.மீ. உயரப் பால்சாத் துண்டின்மேல் அந்தச் சிறுகுழாயை உட்காரவைத்தால் கம்பி இறக்கைகளின் ஓரத்தையும் தொடாமல் போகும். பசை காய்வதற்குமுன் உண்மையான கம்பியையே நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.

வண்ணம் என்றால் இரண்டு கைப்பூச்சுக்குமேல் வேண்டாம். எடை கூடும், அதுவும் இறக்கைக்கு இறக்கை வேறுபட்டுக் கூடும். ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிவைத்தால், கீழிருந்து பார்க்கும்போது சுழல்கிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

பறக்கவிடுவதற்குமுன் மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது விரிப்புச் சோதனை. நூலால் இறக்கைகளைக் கட்டி, சவரத்தகட்டால் நூலை அறுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில், நிறுத்துநூல் இறுகும்வரை விரியவேண்டும். பத்து முறை அறுத்துப் பத்து முறையும் விரிந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். இரண்டாவது, விரிந்த நிலையில் மாடியிலிருந்து புல்தரையில் போட்டுப் பார்ப்பது. மோட்டார் இருக்கும் முனை கீழே வருமாறு விட்டால் ஓரிரு மீட்டருக்குள் சுழற்சி பிடித்துவிடும். காலியான, எரிந்துமுடிந்த மோட்டார் ஒன்றை உள்ளே வைத்துப் போட்டால்தான் உண்மையான எடை கிடைக்கும். மூன்றாவது நிலைத்தன்மை. புதிய மோட்டாரை வைத்து, இறக்கைகளை மடித்துக் கட்டி, ராக்கெட் ஆடாமல் சமமாகத் தொங்கும் இடத்தைக் கண்டு அங்கே ஒரு நீண்ட கயிற்றைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றிவந்தால் நல்லது; பக்கவாட்டில் புரண்டாலோ பின்னோக்கிப் போனாலோ மூக்குக்கூம்பில் களிமண் சேர்த்து மறுபடி பாருங்கள். கூம்பை ஒட்டியபின் களிமண் வைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. கூம்பின் பக்கத்தில், வெளியே தெரியும் இடத்தில், ஒரு சிறு துளையை முன்பே விட்டுவைத்திருக்கவேண்டும்.

மோட்டாரின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். பி6-4 என்றால், பி என்பது மொத்த உந்தம் 2.51 முதல் 5 நியூட்டன்-நொடிக்குள் என்பதையும், 6 என்பது சராசரித் தள்ளுவிசை 6 நியூட்டன் என்பதையும், 4 என்பது எரிந்து முடிந்தபின் வெடி வரும்வரையுள்ள நொடிகளையும் குறிக்கும். எழுத்து ஒன்று ஏறினால் உந்தத்தின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். இந்த ராக்கெட் 70 கிராமுக்குள் அடங்கினால் முதல் பறத்தலுக்கு பி6-4 பொருத்தம். அது சரியாக அமைந்தபின் சி வகைக்குப் போகலாம். ஆனால் சி6-5 வேண்டாம், சி6-3 வாங்குங்கள். மூன்று பட்டைகளும் கொக்கிகளும் வெளியே துருத்தியிருக்கும் இந்த உருவம் காற்றில் விரைவாக வேகமிழக்கும். ஐந்து நொடி காத்திருந்தால் உச்சியைத் தாண்டி மூக்கு கீழ்நோக்கித் திரும்பி வேகமெடுத்துவிடும், அந்த வேகத்தில் விரியும் இறக்கை கீலோடு பிய்ந்துபோகும். எண் 0 என்று முடியும் மோட்டார்கள் பல அடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கு உரியவை. அவற்றை இதில் போடவே கூடாது. மோட்டாரை வீட்டில் செய்யும் எண்ணமும் கூடாது. அட்டைக்குள் அடைத்த கருமருந்து வெடிக்கும்போது எந்தத் திசையில் வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வெடிப்பதில்லை.

நூலைக் கட்டுவது மைதானத்தில்தான். சாதாரணப் பருத்தித் தையல்நூல்தான் வேண்டும். பாலியெஸ்டர் நூலைக் கட்டி நான் பட்ட அனுபவம் இது: வெடி சரியான நேரத்தில் வந்தது, துளையிலிருந்து புகையும் தெரிந்தது, இறக்கைகள் விரியவில்லை. ராக்கெட் அம்புபோல நேராக வந்து மைதானத்து ஓரத்தில் குத்தியது. எடுத்துப் பார்த்தபோது நூல் எரியாமல் உருகி, கடுகளவு மணியாக உறைந்து துளையில் சிக்கியிருந்தது. பருத்தி நூல் எரிந்து சாம்பலாகும், உருகாது. அதை ஒரு துளை வழியாக உள்ளே விட்டு, மறுதுளை வழியாக வெளியே எடுத்து, இரு முனைகளையும் மூன்று இறக்கைகளின் நுனிகளிலும் வெட்டியிருக்கும் சிறு காடிகளில் படியவைத்துச் சுற்றி, இறுக்கி முடிச்சிடுங்கள். குழாய்க்குள் இருக்கும் பகுதி தொய்வாக இருந்தால் ஒருபக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தீயிலிருந்து தப்பிவிடும். விரலால் தட்டினால் தந்தியைப் போல விண்ணென்று இருக்கவேண்டும். பழக்கதோஷத்தில் தீத்தடுப்புக் காகிதத்தை உள்ளே திணித்துவிடாதீர்கள். குடை உள்ள ராக்கெட்டுகளுக்கு அது காவல், இதற்கு அதுவே கேடு.

அமெரிக்கத் தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் பொது அறிவுதான், ஆனாலும் எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பி மோட்டாருக்குக் குறுகிய பக்கம் 200 அடியும், சி மோட்டாருக்கு 400 அடியும் உள்ள திறந்தவெளி வேண்டும். டி வரையிலான மோட்டார்களுக்கு ஏவும்போது 15 அடி தள்ளி நிற்கவேண்டும். மின்சார ஏவுகருவியின் பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் அதன் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிவிட்டு 60 நொடி பொறுத்தபின்பே அருகில் போகவேண்டும். காற்று மணிக்கு 20 மைலுக்குமேல் இருந்தால் ஏவக்கூடாது என்பது விதி. இந்த ராக்கெட்டுக்கு அந்த வரம்பில் பாதியே அதிகம் என்பது என் கருத்து, ஏனெனில் மெதுவாக இறங்கும் எதையும் காற்று வெகுதூரம் கொண்டுபோய்விடும். மக்களுக்கும் கட்டடங்களுக்கும் மேலாகப் போகாதவாறு, செங்குத்திலிருந்து 30 பாகைக்குமேல் சாயாமல் கம்பியை நிறுத்துங்கள். காய்ந்த புல் இருக்கும் இடத்தில் ஏவாதீர்கள். தீத்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று அன்று காலையே பாருங்கள். கம்பியின் நுனி கண்ணுயரத்தில் இருந்தால் அதற்கு ஒரு மூடி போட்டுவைக்கவேண்டும், குனிந்து தீமூட்டியின் கம்பிகளை இணைக்கும்போது கண்ணில் குத்துவது அதுதான்.

எண்ணிக்கை முடிந்து பொத்தானை அழுத்தினால் ராக்கெட் சற்று நிதானமாகவே கிளம்பும். உச்சியில் ஒரு சிறு புகைப்பொட்டு தோன்றும். அதன்பின் ஒரு கணம் எதுவும் நடக்காததுபோல இருக்கும். பிறகு இறக்கைகள் விரிந்து, முதலில் தள்ளாடி, இரண்டு மூன்று சுற்றுக்குள் வட்டத்தகடுபோல மங்கலாகிச் சுழலத் தொடங்கும். கறுப்பாக்கிய இறக்கை பளிச்சிட்டு மறைவது கீழிருந்து நன்றாகத் தெரியும். சுழன்றுகொண்டே வருவதைக் கையால் பிடிக்க முயலக்கூடாது. மெல்லிய பால்சாவானாலும் முன்விளிம்பு விரலைக் கீறும். புகை தெரிந்தும் விரியாவிட்டால், எல்லோரும் மேலே பார்க்கும்படி உரக்கக் குரல்கொடுங்கள்.

இறங்கியபின், மோட்டார் ஆறும்வரை காத்திருந்து, துளைகளில் ஒட்டியிருக்கும் கரியை ஊசியால் நீக்குங்கள். மூன்று கீல்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். நிறுத்துநூலில் பிசிர் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். பேண்டுகளை இழுத்துக்கட்டிய நிலையிலேயே வைத்துவிட்டால் ரப்பர் ஒரு வாரத்தில் சோர்ந்துபோகும்; கழற்றி, டால்கம் பவுடர் தூவிய உறையில் போட்டு, வெயில்படாத இடத்தில் வையுங்கள். நான் ஆறு பறத்தலுக்கு ஒருமுறை மூன்றையும் சேர்த்தே மாற்றுகிறேன். ஒன்று அறுந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது தன் இறக்கையை மற்ற இரண்டுக்கும் முன்பாகவே தூக்கிவிடும்.